திரும்பி வரும் இரக்கம்



நம் ஆம்பூர்த் தெருக்களில் நீங்கள் பலமுறை பார்த்த காட்சிதான் இது. ஷூ கம்பெனியிலிருந்து வந்த அட்டைப்பெட்டி ஒன்று ஆலய மதில் ஓரத்திலோ, பிரியாணிக் கடைக்குப் பின்னால் உள்ள சந்திலோ, கம்பெனி பஸ் வந்து நிற்கும் இடத்திலோ கிடக்கும். உள்ளே மூன்று நான்கு பூனைக்குட்டிகள். தாய் இருக்காது. யாரோ இரவில் வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். பெரியவர்கள் வேலைக்குப் போகிற அவசரத்தில் கடந்துபோவோம். மறைக்கல்விக்கு வருகிற பிள்ளைகள்தாம் முதலில் குனிந்து பார்ப்பார்கள். ஒரு பிள்ளை கையில் எடுக்கும். “வயிறு எப்படி ரொம்பி இருக்குது பாரு, இப்பதான் சாப்பிட்டிருக்குது” என்று மகிழும்.

அந்த வயிறு உணவால் நிறைந்த வயிறு அல்ல. விரலால் தடவினால் முதுகெலும்பு ஒவ்வொன்றாகத் தட்டுப்படும். மயிர் மங்கிப் பரட்டையாக நிற்கும். ஈறு வெளுத்திருக்கும். குட்டி பசியில் மெலிந்துகொண்டிருக்க, வயிறு மட்டும் உப்பிக்கொண்டே போகும். குடலுக்குள் புழுக்கள் சேர்ந்துவிட்டதன் அடையாளம் அது. வீட்டுக்குக் கொண்டுபோன அன்று மாலையே பேதி தொடங்கும். நாற்றம் வீடு முழுவதும் பரவும். பால் குடித்துவிட்டு வாந்தி எடுக்கும்; அதில் வெள்ளையாக ஒரு புழு நெளியும். “ச்சீ, கொண்டுபோய் வெளிய விடு” என்ற குரல் அப்போதுதான் எழும்.

அன்பார்ந்தவர்களே, கோபத்தோடு இதை நான் கேட்கவில்லை. உங்களோடு என்னையும் சேர்த்தே கேட்கிறேன். காலையில் நீண்ட கை மாலையில் எதற்காகப் பின்வாங்குகிறது? அழகாக இருந்தவரை இரக்கத்துக்கு உரியதாக இருந்த உயிர், நாறத் தொடங்கியதும் அந்த உரிமையை இழந்துவிடுமா? அப்படியென்றால் நாம் இரங்கியது உண்மையில் எதற்கு?

குடற்புழு என்றதும் அதைப் பாவத்துக்கு உவமையாக்கி உங்களுக்குப் புத்தி சொல்வது ஒரு போதகனுக்கு மிக எளிது. நான் இன்று அப்படிப் பேசப்போவதில்லை. நோயைப் பாவத்தோடு கட்டிப் பேசிய பேச்சு இந்த உலகில் எத்தனையோ எளியவர்களை வாசலுக்கு வெளியே நிறுத்தியிருக்கிறது. பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்டபோது சீடர்கள் ஆண்டவரிடம் கேட்ட கேள்வி நினைவிருக்கிறதா? இவர் இப்படிப் பிறந்தது இவர் செய்த பாவத்தாலா, இவருடைய பெற்றோர் செய்த பாவத்தாலா என்று கேட்டார்கள். இரண்டும் இல்லை என்றார் இயேசு. சொல்லிவிட்டு நிற்கவில்லை. தரையில் உமிழ்ந்து சேறு உண்டாக்கி, தம் கையாலேயே அந்தக் கண்களில் பூசினார். பழி யார்மேல் என்று தேடுவதை விட்டுவிட்டுக் கையை அழுக்காக்கிக்கொண்டார்.

இந்தக் குட்டிகளின் கதையும் அதுதான். பூனைக்குட்டிகளிடம் அதிகம் காணப்படும் உருளைப்புழு பெரும்பாலும் தாய்ப்பால் வழியாகத்தான் வருகிறது. தாய்ப்பூனையின் உடலில் உறங்கிக்கிடக்கும் புழுக்குஞ்சுகள், அது பால் கொடுக்கும் நாள்களில் விழித்துப் பாலோடு சேர்ந்து குட்டியின் வயிற்றுக்குள் போகின்றன. கண் திறக்கும் முன்பே, தாயின் மடியில், அன்போடு கொடுக்கப்பட்ட பாலிலேயே அந்த நோய் வந்துவிடுகிறது. இதில் குட்டி செய்த குற்றம் என்ன? தாய் செய்த குற்றம்தான் என்ன? தெருவில் கிடைத்ததைத் தின்று, எலியைப் பிடித்துத் தின்று, இருந்த பாலைக் கொடுத்தாள். நம் குடும்பங்களிலும் இப்படி வழிவழியாக வந்த சுமைகள் உண்டு. தந்தையின் கடன் பிள்ளைக்கு வருகிறது. டேனரி வேலையில் தாத்தாவுக்கு வந்த இருமலின் செலவு பேரனின் படிப்பை நிறுத்துகிறது. இவற்றைச் சுமப்பவர்களைப் பார்த்து ‘என்ன பாவம் செய்தாயோ’ என்று ஆண்டவர் ஒருநாளும் கேட்பதில்லை. இது நமக்கு எவ்வளவு பெரிய ஆறுதல்!

நாம் வாழும் இந்த மண்ணுக்குப் பூனைகளோடு ஒரு பழைய உறவு இருக்கிறது. பிள்ளைகளுக்கு அதை நீங்கள் சொல்ல வேண்டும். 1914-இல் கொல்லிமலையில் மறைப்பணியாளர்களின் மகனாகப் பிறந்தவர் பால் பிராண்ட். இலண்டனில் அறுவை மருத்துவம் படித்துவிட்டு, 1946-இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தார். தொழுநோயாளரின் விரல்கள் நோயினாலேயே அழுகி உதிர்கின்றன என்று அக்காலத்தில் எல்லாரும் நம்பினார்கள். பிராண்ட் அதை ஏற்கவில்லை. நோய் உணர்ச்சி நரம்புகளை மரக்கச் செய்கிறது. வலி தெரியாத கை சுடுபாத்திரத்தைப் பிடிக்கிறது, ஆணியில் கிழிகிறது. அந்தக் காயங்களால்தான் விரல் குறைகிறது என்று காட்டினார். மடங்கிப்போன விரல்களுக்கு உயிருள்ள தசைநாரை மாற்றிப் பொருத்தி, மூடிய கைகளைத் திறந்தார்.

ஆனால் ஒரு புதிர் அவருக்கும் விளங்காமல் இருந்தது. இரவில் முழு விரலோடு படுத்த சிலர், காலையில் விரலின் ஒரு பகுதி இல்லாமல் எழுந்தார்கள். எப்படி என்று அவர்களுக்கே தெரியவில்லை. கடைசியில் ஒருவரை இரவு முழுவதும் விழித்திருந்து கவனிக்கச் சொன்னார்கள். நள்ளிரவில் எலி வந்தது. தூங்குகிறவரின் விரலை முகர்ந்து பார்த்தது. அவர் அசையவில்லை, அவருக்கு வலி தெரியாதே. எலி கடித்துத் தின்னத் தொடங்கியது. இது தெரிந்த பிறகு பூனைகளைக் கொண்டுவந்தார்கள். சிகிச்சை முடிந்து ஊருக்குத் திரும்பும் ஒவ்வொரு நோயாளியும் கையோடு ஒரு பூனையைக் கொண்டுபோக வேண்டும் என்று விதியே வகுத்தார்கள்.

சகோதர சகோதரிகளே, இதைச் சற்று நின்று எண்ணிப் பாருங்கள். ஊர் ஒதுக்கி வைத்த மனிதர். தொடுவதற்கு உறவினரும் தயங்கிய கை. அந்தக் கையின் அருகில் இரவெல்லாம் அருவருப்பின்றிப் படுத்திருந்து காத்தது ஒரு பூனை. பின்னர் 1955-இல் கரிகிரியில் எழுந்த தொழுநோய் மருத்துவமனையைப் பற்றிப் பேசும்போது நாம் மருத்துவர்களை நன்றியோடு நினைக்கிறோம், நினைக்கவும் வேண்டும். பெயர் தெரியாத அந்தப் பூனைகளுக்கும் அந்த நன்றியில் ஒரு பங்கு உண்டு. மனிதன் மனிதனைத் தொட அஞ்சிய காலத்தில், கடவுள் இந்தச் சிறு உயிர்களையும் தம் இரக்கத்தின் பணிக்கு அழைத்தார். இன்று அவற்றின் குட்டிகள் நோயுற்று அட்டைப்பெட்டியில் கிடக்கும்போது, அதே மண்ணில் வாழும் நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துபோகலாமா?

அருவருப்பைப் பற்றி உங்களுக்கு நான் புதிதாகக் கற்பிக்க ஒன்றுமில்லை. உப்புப் போட்ட தோலை இறக்கி, சுண்ணாம்பில் ஊறியதைத் தூக்கி, சதை வழித்து, அந்த வாடை மயிரிலும் நகக்கண்ணிலும் ஒட்டிக்கொண்டு வீடு திரும்பியவர்கள் உங்கள் குடும்பங்களில் இருக்கிறார்கள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் எழுந்துபோய் வேறு இடத்தில் உட்கார்ந்ததை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். ஒதுக்கப்படுவது எப்படி வலிக்கும் என்று அறிந்த மக்கள் நீங்கள். உங்களுக்காகவே எழுதப்பட்டதுபோலத் திருத்தூதர் பணிகள் நூலில் ஒரு செய்தி இருக்கிறது. யாப்பா நகரில் கடலோரமாக ஒரு வீடு. வீட்டுக்காரர் பெயர் சீமோன். தொழில், தோல் பதனிடுதல். செத்த விலங்கின் உடலைத் தொடுகிறவர் என்பதால் யூதச் சட்டத்தின் கண்ணில் அவர் தூய்மை குறைந்தவர். அந்த வீட்டில்தான் திருத்தூதர் பேதுரு பல நாள் தங்கினார். திருஅவையின் முதல் தலைவர் தோல் ஊறும் வாடைக்கு நடுவில் உண்டார், உறங்கினார், செபித்தார்.

அந்த வீட்டு மாடியில்தான் நண்பகலில் பேதுருவுக்குக் காட்சி கிடைத்தது. வானத்திலிருந்து பெரிய விரிப்பு ஒன்று இறங்கியது. அதில் எல்லா வகை விலங்குகளும் ஊர்வனவும் பறவைகளும் இருந்தன. கடவுள் தூய்மையாக்கியதைத் தீட்டு என்று சொல்லக் கூடாது என அவருக்கு உணர்த்தப்பட்டது. அந்தக் காட்சி முதன்மையாக மனிதரைப் பற்றியது. பிற இனத்தாரான கொர்னேலியுவின் வீட்டுக்குள் பேதுரு நுழைவதற்கு அது வழி திறந்தது. ஆயினும், எதையும் அருவருத்துத் தள்ளும் முன் அதைப் படைத்தவர் யார் என்று நினைக்கும் பழக்கத்தைத் திருஅவை ஒரு தோல் தொழிலாளியின் வீட்டில்தான் கற்றுக்கொண்டது. உங்கள் கைகளின் வாடை ஆண்டவரை உங்களைவிட்டு அகலச் செய்ததே இல்லை. அப்படியானால் ஒரு குட்டியின் வாடை நம்மை ஏன் அகலச் செய்ய வேண்டும்?

இப்போது நல்ல சமாரியரிடம் வருவோம். அந்த உவமையை எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அவர் நின்றதை நினைக்கிறோம்; எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்ததை நினைக்கிறோம்; தம் விலங்கின்மேல் ஏற்றியதை நினைக்கிறோம். இயேசு கதையை அங்கே முடிக்கவில்லை. சமாரியர் சாவடியில் தங்கி அந்த மனிதரைக் கவனித்துக்கொண்டார். மறுநாள் இரண்டு தெனாரியத்தை எடுத்துக் கொடுத்தார். மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். திரும்பி வரும்போது! சாலையோரத்தில் பொங்கிய இரக்கம், வரப்போகிற நாளுக்கும் தன்னைக் கட்டிவைத்துக்கொண்டது. முதல் நாளின் மனத்துயரம் எல்லாருக்கும் வரும். திரும்பி வருகிற கால்தான் இரக்கத்தின் உண்மையை நிலைநாட்டுகிறது.

குடற்புழு வைத்தியம் இந்தப் பாடத்தை நமக்கு வீட்டுக்குள்ளேயே நடத்திக் காட்டுகிறது. எடுத்து வந்த குட்டி சில்லிட்டிருந்தால் முதலில் பால் தேட வேண்டாம். வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றி அருகில் வைத்து உடம்பைச் சூடாக்குங்கள். சில்லிட்ட வயிறு எதையும் செரிக்காது. உடம்பு வெதுவெதுப்பான பிறகு உணவு. பசும்பால் கொடுப்பதுதான் நம் வழக்கம். ஆனால் அந்தப் பால் பல குட்டிகளுக்கு ஒத்துக்கொள்ளாமல் பேதியை இன்னும் பெருக்குகிறது. பூனைக்குட்டிக்கென்றே விற்கும் பால்பொடி நல்லது. குழந்தையைப்போல மல்லாத்திப் பால் ஊட்டாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். குட்டி குப்புறப் படுத்தபடியே தலை நிமிர்ந்து குடிக்கட்டும். மிகச் சிறிய குட்டிக்குத் தானாகச் சிறுநீர் கழிக்கவும் தெரியாது. தாய் நக்கித் தூண்டுவாள். தாய் இல்லாத இடத்தில் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் நீங்கள் துடைத்துத் தூண்ட வேண்டும்.

அடுத்து, குட்டியின் கழிவில் சிறிதளவைச் சுத்தமான டப்பாவில் எடுத்துக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள். மாட்டாஸ்பத்திரி என்று நாம் சொன்னாலும் பூனைக்கும் அங்கே வைத்தியம் உண்டு. எல்லாப் புழுவும் ஒன்றல்ல. உருளைப்புழு ஒன்று, இரத்தம் உறிஞ்சி ஈற்றை வெளுக்கச் செய்யும் கொக்கிப்புழு ஒன்று, தெள்ளுப்பூச்சி வழியாக வந்து, வாலுக்கடியில் அரிசிமணி போல ஒட்டியிருக்கும் நாடாப்புழு ஒன்று. கண்ணுக்கே தெரியாத ஓரணு உயிரிகளும் குடலைப் புண்ணாக்கும். அவற்றை நுண்ணோக்கியில்தான் காண முடியும். அவற்றுக்கு மருந்தும் வேறு. எடை பார்த்து மருத்துவர் தரும் அளவு மட்டுமே கொடுக்க வேண்டும். வீட்டில் இருக்கிற மாத்திரையை உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள். நம் காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும். நாய்க்குத் தடவும் உண்ணி மருந்துகளில் சிலவும் பூனைக்கு நஞ்சு.

பலர் நின்றுவிடும் இடம் இதற்குப் பிறகுதான் வருகிறது. முதல் வேளை மருந்து கொடுத்தவுடன் புழு விழும். பேதி குறையும். குட்டி விளையாடத் தொடங்கும். எல்லாம் முடிந்தது என்று நினைப்போம். ஆனால் உருளைப்புழு மருந்து குடலில் இருக்கும் வளர்ந்த புழுக்களைத்தான் கொல்கிறது. உடலுக்குள் வேறு இடங்களில் அலைந்துகொண்டிருக்கும் புழுக்குஞ்சுகள் தப்பிவிடுகின்றன. சில நாள்களில் அவை குடலுக்கு வந்து வளரும். அதனால்தான் இரண்டு வாரம் கழித்து மீண்டும், பிறகு மீண்டும் என்று மருத்துவர் தேதி எழுதித் தருகிறார். குட்டி நலமாக இருப்பதாகத் தோன்றும் நாளில், அழுகையும் பரிதாபமும் இல்லாத நாளில், மருந்தைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. சமாரியரின் அந்தத் திரும்பி வருதல் நம் வாழ்வில் நிகழ்கிற நாள் அதுவே.

பால் பிராண்டின் தந்தை ஜெஸ்ஸி பிராண்டின் பொறுமையையும் இங்கே நினைக்கிறேன். கொல்லிமலை மக்களின் கால்களில் நரம்புச்சிலந்திப் புழு புடைத்து நிற்கும். அதைப் பிடித்து வேகமாக இழுத்தால் அறுந்து, காலே சீழ்பிடித்துவிடும். சிறு குச்சியில் சுற்றி, சிறிது சிறிதாக, நாள்கணக்கில் எடுக்க வேண்டும். அவர் அப்படி எடுத்தார். அது கிணற்றுத் தண்ணீரால் வருவதை அறிந்து, கிணறுகளைச் சுற்றிச் சுவர் எழுப்பவும் மக்களைத் தூண்டினார். நம் நாடு அந்தப் புழுவிலிருந்து விடுபட்டதென 2000-ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. அவசரப்படாத எத்தனையோ கைகளின் கனி அது. கடவுளும் நம்மை அவசரமாகப் பிடித்து இழுப்பதில்லை. ஒரே குற்றத்தைச் சொல்லிக்கொண்டு ஒப்புரவு அருளடையாளத்துக்கு மறுபடியும் வந்து நிற்கும்போது, ‘போன முறையே மன்னித்தேனே’ என்று அவர் முகம் திருப்புவதில்லை. மறுபடியும் மன்னிக்கிறார். நாம் குணமடைவதற்கு எத்தனை முறை தேவையோ அத்தனை முறை வருகிறார்.

“ஃபாதர், மனுசனுக்கே மருந்து வாங்க வழியில்லை, இதுல பூனைக்கா?” என்று உங்களில் சிலர் மனத்துக்குள் கேட்பது எனக்குக் கேட்கிறது. அது நியாயமான கேள்வி. 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருஅவையின் மறைக்கல்வி நூல் இதைத் தெளிவாக்குகிறது. விலங்குகள் கடவுளின் படைப்புகள். அவற்றுக்கு அன்பு காட்டுவது நம் கடன். காரணமின்றி அவற்றை வதைப்பது மனித மாண்புக்கே எதிரானது. அதே நேரத்தில், துன்புறும் மனிதருக்கு முதலில் சேர வேண்டிய பணத்தை விலங்குகளுக்குக் கொட்டுவதும் முறையல்ல. ஆகவே அடுத்த வீட்டுப் பாட்டியின் மாத்திரைச் செலவை மறந்துவிட்டுப் பூனைக்குப் பட்டு மெத்தை வாங்குங்கள் என்று நான் சொல்லவில்லை. குடற்புழு மருந்துக்கு ஆகும் செலவு சிறியது. அதற்கு வேண்டியது பெரும்பாலும் நேரமும் அருவருப்பைத் தாண்டும் மனமும்தான். இன்னொன்றையும் கேளுங்கள். பேதியாகிக் கிடக்கும் குட்டியை முகம் சுளிக்காமல் துடைக்கப் பழகிய பிள்ளை, நாளை படுக்கையில் கிடக்கும் தன் தாயைத் துடைக்கும்போது தயங்குமா? இரக்கம் செலவிடச் செலவிடக் குறைவதில்லை, கைக்குப் பழக்கமாகிறது.

குட்டிக்குச் செய்வது நம் பிள்ளைகளுக்கும் காவல். பூனையின் உருளைப்புழு முட்டைகள் கழிவோடு மண்ணில் சேர்ந்து, சில வாரங்களில் முற்றி, மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மண்ணில் விளையாடிவிட்டுக் கை கழுவாமல் சாப்பிடும் குழந்தைக்குள் அவை போகலாம். கொக்கிப்புழுவின் குஞ்சுகள் வெறுங்கால் வழியே தோலுக்குள் நுழைந்து அரிப்பை உண்டாக்கும். இதற்காகக் குட்டியைத் தூக்கி எறிந்தால் முட்டைகள் தெருமண்ணில் சேரும், அவ்வளவே. எறிந்தவரின் பிள்ளையும் அதே தெருவில்தான் விளையாடுகிறது. மருந்து கொடுங்கள். கழிவை அன்றன்றே அள்ளிக் குழியில் மூடுங்கள். விரித்த துணியைக் கொதிநீரில் நனைத்துத் துவைத்து நம் வேலூர் வெயிலில் காயப்போடுங்கள். சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். வீட்டில் கருவுற்ற சகோதரி இருந்தால் அந்தக் கழிவை அவர் அள்ள வேண்டாம், வேறொருவர் செய்யட்டும்.

நம் பிள்ளைகளின் குடற்புழுவுக்காக 2015 முதல் பிப்ரவரி 10-ஆம் நாள் தேசியக் குடற்புழு நீக்க நாளாக இருக்கிறது. 1 வயது முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்குப் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் மாத்திரை கொடுக்கிறார்கள். வேலூர் சி.எம்.சி. ஆய்வாளர்கள் திமிரியிலும் ஜவ்வாது மலையிலும் வீடு வீடாகப் போய்ப் பெரியவர்களுக்கும் சேர்த்து மருந்து கொடுத்து, புழு பரவுவதையே நிறுத்த முடியுமா என்று ஆராய்ந்தார்கள். பக்கத்து ராணிப்பேட்டையில் 1932 முதல் இயங்கும் கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் ஆடு, மாடு, கோழிகளுக்குத் தடுப்பூசி மருந்து செய்கிறது. மனிதனின் நலமும் விலங்கின் நலமும் ஒரே மண்ணில் வேர்விட்டவை என்பதற்கு இந்தப் பாலாற்றுக் கரை மக்களுக்குச் சாட்சி தேவையில்லை. ஆற்றுத் தண்ணீர் கெட்டபோது நாமும் நம் மாடுகளும் சேர்ந்துதான் தாகப்பட்டோம். தோல் கழிவால் நேர்ந்த அந்தக் கேட்டைப் பற்றி 1996-இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது.

அன்பு நிறைந்தவர்களே, இன்னொரு கனமான செய்தியையும் நான் மறைக்கக் கூடாது. எல்லாக் குட்டிகளும் பிழைப்பதில்லை. தாயில்லாத, புழுவால் இரத்தம் குறைந்த சிறு குட்டிகள், நீங்கள் இரவெல்லாம் விழித்திருந்தாலும் விடியற்காலையில் இறந்துபோகலாம். பிள்ளைகள் அழுவார்கள். “பூனைதானே” என்று அவர்களை அதட்டாதீர்கள். சந்தையில் காசுக்கு விற்கப்படும் சிட்டுக்குருவிகளில் ஒன்றைக்கூடக் கடவுள் மறப்பதில்லை என்று சொன்னவர் நம் ஆண்டவர். நினிவே நகரை ஏன் அழிக்கவில்லை என்று யோனா சினந்தபோது, அந்த நகரின் ஒன்றுமறியா மக்களைச் சொன்ன கடவுள், அங்கிருந்த ஏராளமான விலங்குகளையும் சேர்த்தே சொன்னார். படைப்பு முழுவதும் வேதனையில் தவித்தபடி விடுதலையை எதிர்நோக்கி இருப்பதாகப் பவுல் உரோமையருக்கு எழுதினார். இறந்த குட்டியின் முடிவைக் கடவுளின் கையில் விட்டுவிடுவோம். அந்தக் கையை நமக்குத் தெரியும், அது இரக்கமுள்ள கை. கடைசி மணி நேரத்தில் அந்தக் குட்டி சாக்கடை ஓரத்தில் குளிரில் கிடக்கவில்லை. உங்கள் மடிச் சூட்டில் இருந்தது. அந்த அன்பு வீணாகவில்லை. நோயாளியின் படுக்கையருகே பயனில்லை என்று தெரிந்தும் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் இதையே சொல்கிறேன்: உடன் இருத்தலே ஓர் இறைப்பணி.

நமக்கு முன் இந்த வழியில் நடந்த ஒரு புனிதர் உண்டு. பெரு நாட்டின் லீமா நகரில் 1579-இல் பிறந்தவர் மார்ட்டின் தெ போரஸ். தாய் அடிமைத்தனத்திலிருந்து விடுதலை பெற்ற கறுப்பினப் பெண். தந்தை ஸ்பானிய உயர்குடியினர். நிறத்தின் பெயரால் இழிவைச் சுமந்தவர். தொமினிக்கன் மடத்தில் துடைப்பம் பிடித்தார். நோயாளர்களின் புண் கழுவினார். அதே கைகளால் தெரு நாய்களுக்கும் பூனைகளுக்கும் மருந்திட்டார். அவற்றுக்காகத் தம் சகோதரியின் வீட்டில் இடமே ஒதுக்கி வைத்தார். 1639-இல் இறந்த அவரை 1962-இல் திருத்தந்தை 23-ஆம் யோவான் புனிதராக அறிவித்தார். ஏழைகளுக்கு அவர் செய்த பணி, விலங்குகளுக்குச் செய்த பணியால் ஒரு துளியும் குறையவில்லை. ஒதுக்கப்பட்டவராக வாழ்ந்த அவருக்கு, ஒதுக்கப்பட்ட எந்த உயிரும் அயலாக இல்லை.

ஆகவே, என் அன்பு மக்களே, இந்த வாரம் உங்களிடம் சில வேண்டுதல்களை வைக்கிறேன். வீட்டுப் பூனை குட்டி போட்டால் பெட்டியில் வைத்து விட்டுவிட்டு வராதீர்கள். அப்படி விடுவது அதன் சாவை வேறொருவர் கண்முன் தள்ளிவைப்பதே ஆகும். குட்டிகள் பால் மறந்ததும் கால்நடை மருத்துவரைக் கேட்டுத் தாய்ப்பூனைக்குக் கருத்தடை செய்யுங்கள். இன்னும் பல பெட்டிகள் தெருவுக்கு வராமல் அது தடுக்கும். பிள்ளைகள் குட்டியைத் தூக்கி வந்தால் திட்டாதீர்கள். அவர்களோடு சேர்ந்து மருந்தகத்துக்குப் போங்கள். கம்பெனி ஷிப்டு காரணமாக ஒரு குடும்பத்துக்கு முடியாவிட்டால், அதே அன்பியத்தைச் சேர்ந்த இன்னொரு குடும்பம் பகலில் பார்த்துக்கொள்ளட்டும். சுமையைப் பகிர்வது நமக்குப் புதிதல்ல.

மருத்துவர் இரண்டாம் வேளை மருந்துக்குச் சொல்லும் தேதியை, நம் பங்கின் நாள்காட்டியில் அன்றே வட்டமிட்டு வையுங்கள். அந்த நாள் வரும்போது குட்டி துள்ளி விளையாடிக்கொண்டிருக்கும். உங்களுக்கு வேறு வேலை இருக்கும். அப்போதும் மருந்தைக் கொடுங்கள். நம்மிடம் திரும்பித் திரும்பி வருகிற ஆண்டவரின் இரக்கம் உங்கள் கைகளுக்கு அந்தப் பொறுமையைத் தருவதாக. ஆமென்.